'நான்' சொல்லும் கதையில் கொடியவன் யார்?



நம் தமிழ்ப்பள்ளிகளில் தன்கதை எழுதாத மாணவர் இல்லை. 'நான் ஒரு புத்தகப்பை' என்று தொடங்குவர். கடையில் தொங்கிய பையை ஒரு சிறுவன் வாங்குவான். இறுதியில் அது கிழிந்து குப்பைத் தொட்டியில் கண்ணீர் வடிக்கும். எறிந்தவன் கொடியவன். நாமும் பைக்கு இரங்கிப் புள்ளி இடுவோம்.

'நான்' என்பவர் கண்கொண்டே நாம் காண்கிறோம். சங்க அகப்பாடல்களில் புலவர் இடையே வந்து தீர்ப்புரைப்பதில்லை, மாந்தரே பேசுவர். தலைவி பேசினால் பரத்தை குடிகெடுத்தவள். குறுந்தொகை எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் அப்பரத்தையையே பேசவிடுகிறார். தலைவி தன்னைப் பழித்தாள் எனக் கேட்டவள் அவள். தன்னிடம் வீறாப்புப் பேசியவன், வீடு சென்றதும் கண்ணாடி உருவம்போல் மனைவி விருப்பப்படியெல்லாம் அசைகிறான் என்று நகைக்கிறாள். நம் சினம் தலைவன்மீது திரும்பிவிடுகிறது! (அவள் சொல்வது மட்டும் முழு உண்மையா என்பது வேறு கேள்வி.)

ஆகவே, தன்கதை எழுதிய மாணவரை மறுபக்கத்தையும் எழுதச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அண்மையில் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் பையை எறிந்த சிறுவனை 'நான்' ஆக்கச் சொன்னேன். ஒருவன் எழுதினான்: வார் அறுந்த பையை ஊக்கு குத்தி மூன்று மாதம் சுமந்தேன், அப்பாவிடம் பணமில்லை, பினாங்கு மழையில் புத்தகங்கள் நனைந்த அன்றுதான் எறிந்தேன்.

பிறர் முறையிட்டதும் நான் பலமுறை வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை அவன். ஒருநாளும் அவனை முதலில் பேசச் சொன்னதில்லை.