எங்க வீட்டு பாஸ் யாரு?

எங்க ஊர் நூலகத்துல ஒரு புகைப்படக் குழு இருக்கு. பதினஞ்சு பேர். யாருக்குமே படம் எடுக்கிறது தொழில் கிடையாது. பாதிப் பேர் செல்ஃபோன்லதான் எடுக்கிறோம். மாசத்துக்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு படம். அடுத்த கூட்டத்துல டீ குடிச்சுக்கிட்டே எல்லாருடைய படத்தையும் பார்ப்போம்.

போன மாசம் கொடுத்த சொல் 'பாஸ்'. எல்லாரும் ஆபீஸ் நாற்காலியை எடுத்துட்டு வருவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர்கூட எடுக்கலை! ஒருத்தர் வீட்டு சோஃபாவுல பூனை நடுவுல படுத்திருக்கு, அவர் கீழே தரையில உட்கார்ந்திருக்கார். கிடார் வாசிக்கிற பையன், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 'பாஸ்' என்ற பெயரில் விற்கும் ஆரஞ்சு நிறப் பெடலைப் படம் எடுத்திருந்தான். புதுசா அம்மாவான பெண் கொண்டுவந்தது ஒரு கடிகாரம்: ராத்திரி மூணு மணி, ஓரத்துல குழந்தையோட குட்டிக் கை.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தர் யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தின் கூரையை எடுத்திருந்தார். "இதுல பாஸ் எங்க?"ன்னு கேட்டோம். கூரையில் வளைந்து வரும் விலா மாதிரியான கட்டைகள் சந்திக்கும் இடத்தில், சிற்பம் செதுக்கிய ஒரு குமிழ் இருக்கும். அதுக்கும் ஆங்கிலத்தில் 'பாஸ்'னுதான் பேராம். முதலாளியைக் குறிக்கும் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. கூரைக் குமிழின் பெயர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, 'புடைப்பு'ன்னு அர்த்தம். உச்சரிப்பு ஒண்ணு, வேர் ரெண்டு.

1984 ஜூலையில் அந்தத் தேவாலயத்தின் தெற்குப் பகுதிக் கூரை தீயில் எரிந்துபோனது. திரும்பக் கட்டும்போது பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' நிகழ்ச்சி குழந்தைகளுக்கு ஒரு போட்டி வைத்தது. ஜெயித்த ஆறு வடிவங்களைச் செதுக்கி மேலே பொருத்தினார்கள். நிலாவில் மனிதன் கால் வைத்தது அதில் ஒண்ணு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் பிள்ளைங்க ரெண்டு பேரும், "நாமளும் விளையாடலாம்!" என்றார்கள். அம்மாவையும் சேர்க்கணுமேன்னு குடும்ப வாட்ஸப் குழுவில் தமிழிலேயே போட்டேன்: "இந்த வாரச் சொல்: பாஸ்."

பையன் வீடியோ கேமில் கடைசியில் வரும் ராட்சசனை அனுப்பினான். பதிமூணு வயசு மகள் என்னை எடுத்திருந்தாள்: அடுப்பு முன்னாடி, காதில் ஃபோன், ஒரு விரல் நீட்டி யாரையோ அதட்டிக்கிட்டு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

அப்புறம் அம்மாவோட படம் வந்தது. எங்க சமையலறை டிராயர். ரப்பர் பேண்ட், பழைய பேட்டரி, பீட்சாக் கடை மெனு, நடுவில் அவங்க ஃபோட்டோ போட்ட பஸ் பாஸ்.

"பாட்டி, இது பஸ் பாஸ்! நாங்க கேட்டது வேற பாஸ்!"ன்னு பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணுதானே, பாவம், மாத்திப் படிச்சிட்டாங்கன்னு நானும் நினைச்சேன்.

அம்மா சிரிக்கலை. "இருபத்திரண்டு வருஷம் சாப்பாடு பேக் பண்ற ஃபேக்டரியில நின்னவளுக்கு பாஸ்னா யாருன்னு தெரியாதாடா கண்ணா? தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

ஜனவரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பனியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் கை சுளுக்கிக்கிச்சு. "குளிர் போகட்டும்மா"ன்னு சொல்லி அந்த பாஸை வாங்கி டிராயரில் போட்டவள் நான். குளிர் போய் ஜூனும் வந்தாச்சு. அவங்க கேட்கலை, எனக்கும் ஞாபகம் வரலை. டிராயருக்குப் பூட்டு கிடையாது. ஆனா மகள் எடுத்து வெச்சதை அவங்களா எடுக்க மாட்டாங்க. கோயில், கடை, டாக்டர் எல்லாத்துக்கும் நான்தான் காரில் கூட்டிட்டுப் போறேனே, வேற என்ன வேணும்னு இருந்துட்டேன். எனக்கு நேரம் கிடைச்சாத்தான் அவங்களுக்கு வெளி உலகம்.

அன்னைக்கு ராத்திரியே பாஸை எடுத்து அவங்க கைப்பையில் வெச்சேன். மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டாங்க. இங்கே வார நாள்ல காலை ஒன்பதரைக்கு மேலதான் அந்த பாஸ் இலவசம். அதுக்கு முன்னாடி வந்த பஸ்ஸை விட்டுட்டு அடுத்ததில் ஏறினாங்களாம். நான் கணக்குப் போட்டதைவிட ரெண்டு மணி நேரம் லேட். ரெண்டு தடவை ஃபோனை எடுத்தேன், ரெண்டு தடவையும் கீழே வெச்சேன். ஒரு கட்டு கொத்தமல்லியும், ஊர்க்கதை ஒரு மூட்டையுமா வந்து சேர்ந்தாங்க.

நீங்களும் வீட்டில் இதை விளையாடிப் பாருங்க. ஒரு சொல், ஆளுக்கு ஒரு படம். தாத்தா பாட்டியையும் கட்டாயம் சேர்த்துக்கோங்க. தூரத்தில் இருந்தா வாட்ஸப் இருக்கவே இருக்கு. ரெண்டு மூணு அர்த்தம் வர்ற தமிழ்ச் சொல்லா எடுங்க: படி, ஆறு, கால், திங்கள். பிள்ளைங்க ஒரு அர்த்தத்தை எடுப்பாங்க, பெரியவங்க இன்னொண்ணை எடுப்பாங்க. தப்புன்னு சொல்லித் திருத்த அவசரப்படாதீங்க. ஏன் இதை எடுத்தேன்னு கேளுங்க.

எங்க வீட்டில் அடுத்த சொல் 'மாலை'. அம்மா ஏற்கெனவே எடுத்துட்டாங்களாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேங்கிறாங்க.