வலப்பக்கம் நகர்ந்த வட்டத்தில் கழித்தல் குறி ஏன்?

வரைபடத்தாளில் ஒரு புள்ளியை வலப்பக்கம் 3 அலகு நகர்த்த எக்ஸ் மதிப்போடு 3-ஐக் கூட்டினால் போதும். இடப்பக்கம் என்றால் கழிக்க வேண்டும். மேலே ஏற்ற ஒய் மதிப்போடு கூட்டுகிறோம், கீழே இறக்கக் கழிக்கிறோம். இடப்பெயர்வு பற்றிய இந்த விதி யாரையும் குழப்புவதில்லை. குழப்பம் மேல்வகுப்பில் வருகிறது. அங்கே வலப்பக்கம் நகர்ந்த வட்டத்தின் சமன்பாட்டில் கழித்தல் குறி நிற்கிறது. ‘அடைப்புக்குள் தலைகீழ்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். காரணம் புரிந்தால் மனப்பாடம் தேவையில்லை.

முதலில் ஓர் உருவம். (1, 1), (4, 1), (4, 5) என்ற முனைகள் கொண்ட செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5. அதை இடப்பக்கம் 6, மேலே 2 நகர்த்தினால் முனைகள் (−5, 3), (−2, 3), (−2, 7) ஆகின்றன. பக்கங்கள் அதே 3, 4, 5. நீளத்தைத் தீர்மானிப்பது இரு முனைகளின் ஆயத்தொலைவுகளுக்கு இடையிலான வித்தியாசம். இரண்டோடும் ஒரே எண்ணைக் கூட்டும்போது வித்தியாசம் மாறாது. அதனால்தான் நீளம், கோணம், பரப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இனி வட்டம். ஆதிப்புள்ளியை மையமாகவும் 5 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டத்தின் சமன்பாடு எக்ஸ்² + ஒய்² = 25. ஒரு புள்ளி வட்டத்தின்மேல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சோதனை இது. வட்டத்தை வலப்பக்கம் 3 நகர்த்தினால் (5, 0) என்ற புள்ளி (8, 0)-க்குப் போகிறது. நம்மிடம் இருப்பதோ பழைய வட்டத்துக்கான சோதனை. புதிய புள்ளியை அதில் பார்க்க, அதைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதாவது 8-லிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். ஆகவே புதிய சமன்பாடு (எக்ஸ் − 3)² + ஒய்² = 25. எக்ஸ் இடத்தில் 8 வைத்தால் 5² = 25, பொருந்துகிறது. கழிக்காமல் கூட்டியிருந்தால் 11² = 121 ஆகியிருக்கும்.

புள்ளிக்குக் கூட்டும்போது அது எங்கே போகும் என்று கணக்கிடுகிறோம். சமன்பாட்டில் கழிக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

‘ஒய் = எக்ஸ்² + 2 என்ற பரவளையம் மேலேதானே ஏறுகிறது, அங்கே கழித்தல் எங்கே?’ என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 2-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால் ஒய் − 2 = எக்ஸ்². அங்கேயும் கழித்தல்தான், சமன்பாட்டை மாற்றி எழுதியதில் அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.