ஆசாரி வேலை எதுக்கு என்று கேட்ட என் மாணவனுக்கு

பதிவு நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன வாரம் நான் மரத்தில் செய்த அம்பாசிடர் காரின் படத்தைப் போட்டிருந்தேன். பாராட்டியவர்களுக்கு நன்றி. என் தங்கை மகன், "மாமா, இதே கார் ஆன்லைன்ல அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்குமே, இதுக்கா அஞ்சு மாசம் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டிருந்தான். அவனைத் தீபாவளிக்கு வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்து இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர், "சார், கணக்கு வாத்தியாருக்கு ஆசாரி வேலை எதுக்கு?" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். நீ இதைப் படிப்பாய் என்று தெரியும் தம்பி.

முதலில் அந்த வேலை என்னவென்று கேள்.

அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஓடாமல் நிற்கும் பழைய மார்க் 2 அம்பாசிடரை டேப் பிடித்து அளந்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 246 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு என்றால் 24.6. இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் பானெட்டின் வளைவை எந்த டேப்பால் அளப்பது? அந்தக் காரில் நேர்கோடு என்று ஒன்று இருந்தால் காட்டு பார்ப்போம்! மெக்கானிக் ஒரு அலுமினிய ஒயரை வெட்டிக் கொடுத்தார். அதைப் பானெட்டின் மேல் குறுக்காக வைத்து அழுத்தி, வளைவு கலையாமல் எடுத்துப் பழைய செய்தித்தாளில் வரைந்து, கட்டம் போட்டு, கிராஃப் தாளில் பத்தில் ஒன்றாகச் சுருக்கினேன். ஒரு சாண் தள்ளி இன்னொரு வளைவு. இப்படிப் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வெட்டி, செதுக்கச் செதுக்க மரத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரியாத இடம் மேடு. அங்கே இன்னும் சீவ வேண்டும்.

மரம் மஞ்சணத்தி. நம் பக்கம் நுகத்தடிக்கு எடுப்பார்களே, அதேதான். லேசானது, உளிக்கு இணங்கும். கிரில்லுக்குத் தென்னை ஈர்க்கு. பம்பருக்கு மூங்கில் பிளாச்சு, வெந்நீரில் ஊறவைத்து வளைத்தது. சக்கரத்துக்குச் சீமைக் கருவேலத்தை முயன்றேன், அதற்குத்தான் இங்கே பஞ்சமில்லையே. உளி வாய் மழுங்கியதுதான் மிச்சம். பிறகு பூவரசுக்கு மாறினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இடது மட்கார்டு வலதைவிட 4 மில்லிமீட்டர் தடிமன். நிஜக் காரில் அது 4 சென்டிமீட்டர். முப்பத்திரண்டு வருடம் விகிதசமம் நடத்தியவன் செய்த தவறு இது. எங்கள் தெருவில் நிலைக்கதவு செய்யும் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அளவுகோலைத் தொடவில்லை. காரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, நடுக்கோடு எங்க?" என்றார். நான் ஓரத்திலிருந்து அளந்துகொண்டிருந்தேன். சீவச் சீவ ஓரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, என் அளவும் கூடவே நகர்ந்திருக்கிறது. அடியில் நடுக்கோடு கிழித்துவிட்டு வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும்.

இதைத்தான் நீ ஆசாரி வேலை என்று சிரிக்கிறாய்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-ல் நம் விருதுநகர்க்காரர் காமராஜர் முதல்வரானதும் அது ஒழிந்தது. ஒழிந்ததால்தான் நானும் வாத்தியார் ஆனேன், நீயும் இன்று அதிகாரி. அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டாதே என்பது ஒன்று, எந்தப் பிள்ளையும் உளியைத் தொட வேண்டாம் என்பது வேறொன்று. நாம் சொன்னது முதலாவதை, செய்தது இரண்டாவதை. அதனால் உளி இன்றும் அதே வீடுகளில்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளே அதைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள். நம் தச்சரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பள்ளியில் இழைப்புளி தள்ளிப் பழகியிருந்தால் நீ "மரவேலை" என்றல்லவா எழுதியிருப்பாய்?

அமெரிக்காவில் கார் பாடி செய்துவந்த ஃபிஷர் கம்பெனி 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் ராஜா காலத்துக் குதிரைவண்டி மாதிரி, பிறகு சொந்தக் கற்பனையில் கார். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை. 1947-ல் பரிசு வாங்கிய சக் ஜோர்டான் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவரானார். பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, அது அவர்கள் குறை. ஆனால் கையில் மரத்தூள் பட்டால் மூளை மழுங்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இங்கே? 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். கொத்தனார் கூலிகூட இல்லை. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் பேத்தி படிக்கும் தனியார் பள்ளியில் புராஜெக்ட் என்ற பெயரில் தெர்மாகோல் வீடு கேட்கிறார்கள். ஸ்டேஷனரிக் கடையில் 250 ரூபாய்க்குச் செய்துவைத்தே விற்கிறான். கடைக்காரனுக்கு ஏ பிளஸ் கிடைக்கிறது.

மற்றவர்களைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் பள்ளியில் வாரம் இரண்டு பீரியட் கைத்தொழில் இருந்தது. கைத்தொழில் ஆசிரியரிடம், "சார், போர்ஷன் முடியல" என்று கேட்டு அந்தப் பீரியடை வாங்கிக் கணக்கு நடத்தியது யார்? நான்தான். ஒரு வருடம் அல்ல, வருடா வருடம். அவரும் மறுக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பட்டறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கினோம். உனக்குத் தம்பி, கணக்கில் 97 வந்தது. ஆனால் நீ பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பலகையைச் சதுரமாக அறுத்ததில்லை. அது உன் குற்றமில்லை.

விலை கேட்டவர்களுக்கு: கார் விற்பனைக்கு இல்லை. ஸ்டியரிங்கும் அதன் அடியில் வரும் கியர்க் கம்பியும் இன்னும் பொருத்தவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை என் வீட்டுத் திண்ணையில் உளியும் இழைப்புளியும் இருக்கும். தச்சரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு உண்டான கூலியை நான் கொடுக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளையானாலும் அனுப்புங்கள், பெண் பிள்ளைகளைக் கண்டிப்பாக. செருப்புப் போட்டு வரச் சொல்லுங்கள், உளி காலில் விழும். தம்பி, உன் மகன் ஏழாம் வகுப்பு என்று கேள்வி. லீவுக்கு ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு வா.