நாம் வரைய மறந்த ஊர்

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவையொட்டி, பெங்களூரில் நடந்த ஒரு சிறுவர் ஓவியப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்தார்கள். ஓவியத்தில் எனக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஓய்வு நாட்களில் படங்களைத் தேடிப்போய்ப் பார்க்கிறவன் என்பதுதான் என் ஒரே தகுதி. போட்டியின் தலைப்பு 'எங்கள் ஊர்'. நேரம் ஒரு மணி. நாற்பது குழந்தைகளுக்கு மேல் உட்கார்ந்து வரைந்தார்கள்.

படங்களைத் திரட்டி மேசைமேல் பரப்பியபோது திகைத்துப் போனேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே படம். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். வரைந்தவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் பிறந்து வளர்கிற குழந்தைகள். அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அப்படிப்பட்ட மலையும் தெரியாது, ஆறும் தெரியாது.

ஒரே ஒரு சிறுமி, ஒன்பது வயதிருக்கும், வேறு மாதிரி வரைந்திருந்தாள். ஓர் ஏரி, அதன் நடுவே மரங்கள் அடர்ந்த தீவு, கரையில் கம்பி வேலி, வேலியோரம் சோளக்கதிர் சுடும் ஒரு கிழவி, மேலே கறுத்துத் திரண்ட மேகம். நம் அல்சூர் ஏரிதான். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. ஆனாலும் மழை வரப்போகிறது என்பது படத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. உடனிருந்த நடுவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தலைப்பு 'எங்கள் ஊர்' சார். இந்தப் பெண் பெங்களூரை வரைந்திருக்கிறதே!" என்று ஒதுக்கி வைத்தார். முதற்பரிசு, சுத்தமாக வண்ணம் தீட்டிய முக்கோண மலைக்கே போயிற்று. முடிவுத் தாளில் நானும் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்துதான் இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

நிலத்தைப் பற்றி உலகுக்குப் பாடம் சொல்லத் தகுதியுள்ளவர்கள் நாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் பூவும் பறவையும் பண்ணும் வகுத்து, அவற்றோடு மனித மனத்தின் ஒரு நிலையையும் பிணைத்து இலக்கணம் கண்டது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழ்வன கருப்பொருள். மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். ஒரு நாரை நிற்பதைச் சொன்னாலே ஒரு பெண்ணின் இரக்கத்தைச் சொல்லிவிடக்கூடிய கவிதை மரபு நம்முடையது.

ஆனால் சொல்லில் இத்தனை செய்த நாம் வண்ணத்தில் என்ன செய்தோம்? முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துப் பணி. இலைகளும் மலர்களும் மொட்டுகளும் நிறைந்த நீரில் மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். அது சமண சமயம் சார்ந்த காட்சிதான் என்றாலும், அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது குளம்தான். அதை வரைந்தவன் ஒரு குளக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தொடக்கம் தனியொரு துறையாக வளரவில்லை. பின்னாளில் தஞ்சாவூர்ப் படங்களில் தெய்வமும் தங்க ரேக்கும் கல்லும் நிறைந்தன, நிலத்துக்கு இடமில்லை. காலண்டர் படங்களில் ஏரியும் மலையும் வந்தன, ஆனால் முருகனுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகத்தான் வந்தன.

மற்ற நாடுகளிலும் நிலக்காட்சி எளிதாக முன்னுக்கு வந்துவிடவில்லை. சீனர்கள் நமக்கும் ஐரோப்பியருக்கும் முன்னோடிகள். 'மலையும் நீரும்' என்பதே அவர்கள் அதற்கு வைத்த பெயர். குவோ ஷி என்பவர் 1072இல் வரைந்த 'இளவேனிற் தொடக்கம்' இன்றும் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலோ நிலம் வெகுகாலம் புனிதர்களுக்கும் அரசர்களுக்கும் பின்னணியாகவே நின்றது. 1521இல் ட்யூரர் தம் நாட்குறிப்பில் பாதினிர் என்ற ஓவியரை 'நல்ல நிலக்காட்சி ஓவியர்' என்று குறித்து வைத்ததே ஒரு செய்தியாக இன்றும் பேசப்படுகிறது. 1667இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெலிபியான் ஓவிய வகைகளுக்குப் படிநிலை வகுத்தபோது சமய, வரலாற்றுப் படங்கள் உச்சியில் இருந்தன. நிலக்காட்சி கீழ்ப்படியில் நின்றது.

அதே பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர்கள் அந்தப் படிநிலையைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் நாட்டில் பெரும்பகுதி, கடலையும் சதுப்பையும் அணைகட்டித் தடுத்து, காற்றாலையால் நீரிறைத்து மீட்ட நிலம். தேவாலயங்களுக்குப் படம் வரையும் வேலை குறைந்துவிட்டது. நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களுமே படம் வாங்கினார்கள். தங்கள் தட்டையான வயலையும் மேகம் நிறைந்த வானத்தையும் வாங்கித் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். பாடுபட்டு உண்டாக்கிய மண்ணை உட்கார்ந்து பார்க்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் நிலக்காட்சிக்கு வழங்கும் சொல்கூட டச்சு மொழியிலிருந்து போனதுதான். பின்னர் இங்கிலாந்தில் கான்ஸ்டபிள், இத்தாலிக்குப் போகாமல் தாம் பிறந்து வளர்ந்த சஃபோக் வட்டாரத்து ஆற்றையும் மாவு ஆலையையும் வரைந்தே புகழ் பெற்றார். அவருடைய 'வைக்கோல் வண்டி' 1821ஆம் ஆண்டுப் படம். 1824இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

நம் பகுதிக்கு இந்தக் கலை வந்த வழி அவ்வளவு இனியதல்ல. படையோடு வந்தது. 1791இல் கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. அந்தப் படையுடன் வந்த ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் கோட்டைகளையும் குன்றுகளையும் வரைந்து, 1794இல் மைசூர் நாட்டுக் காட்சிகள் என்று ஒரு நூலாக வெளியிட்டார். பெங்களூர்க் கோட்டைக் காட்சிகளும் அதில் உண்டு. 1792இல் தாமஸ் டேனியல், அவருடைய உறவுப் பிள்ளை வில்லியம் ஆகிய இருவரும் சென்னையிலிருந்து கிளம்பித் தென்னாடு முழுவதும் சுற்றினார்கள். ராயக்கோட்டை, திருச்சி மலைக்கோட்டை, பாபநாசம் அருவி எல்லாம் அவர்களுடைய 'கீழைநாட்டுக் காட்சிகள்' தொகுப்பில் இடம்பெற்றன. 1795 முதல் 1808 வரை வெளிவந்த அத்தொகுப்பில் 144 படங்கள். ஓசூர் வழியாகச் சேலம் போகும் ரயிலில் ராயக்கோட்டையைக் கடக்கும்போது நம்மில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து அந்தக் குன்றைப் பார்க்கிறோம்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் அன்னியர் இருவர் அதன்முன் உட்கார்ந்து பார்த்தார்கள். பிடித்த நாட்டை அளந்து பார்க்கும் பார்வை அதில் கலந்திருந்தது உண்மை. ஆனாலும் பார்த்தார்கள்.

அந்தப் பார்வையை மாற்றி, நிலத்தை நம்மவர் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் கே. வெங்கடப்பா. மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். தெய்வக் கதைகளையும் புராணக் காட்சிகளையும் வரைந்து பெயர் பெற்ற பிறகு, நாற்பது வயதளவில் ஊட்டிக்குப் போனார். 1926இல் அங்கே அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களைக் கஸ்தூர்பா சாலையில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். மலைமேல் மூடுபனி, ஏரிமேல் வெளிச்சம், நிலவு. மனிதர்களைத் தேட வேண்டும். அங்கிருந்த அமைதி என்னை அரைமணி நேரம் நகரவிடவில்லை. நம் நீலகிரியின் குறிஞ்சியை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர் ஒரு கன்னடர்! அவர் அதை அன்னிய மாநிலம் என்று ஒதுக்கவில்லை. பார்த்தார், வரைந்தார், அது அவருடையதாயிற்று.

இன்னொருவர் ருமாலெ சென்னபசவையா (1910–1988). விடுதலைப் போரில் ஈடுபட்டவர், 'தாயிநாடு' என்ற கன்னட நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர், சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். பிற்காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வண்ணப் பெட்டியோடு தெருவில் இறங்கினார். பெங்களூரின் பூமரங்களை மரத்தடியிலேயே உட்கார்ந்து வரைந்தார். செம்மயிற்கொன்றை பூத்துத் தீப்பிடித்ததுபோல் நிற்கும் சாலைகள், ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கும் ஓரங்கள். நாம் தினம் பேருந்துக்கு ஓடும் தெருக்கள்தான் அவை. அவர் படத்தைப் பார்த்த பிறகுதான், என் தெருமுனையில் ஒரு ஜக்கரண்டா மரம் நிற்பதையே நான் கவனித்தேன். அப்போது நான் அத்தெருவில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்திருந்தேன்!

இங்கே சிலர் கேட்கக்கூடும்: "கையில் கேமரா இருக்கிற காலத்தில் மரத்தை எதற்காக ஐயா வரைய வேண்டும்?" நியாயமான கேள்விதான். படம் கிடைப்பது மட்டுமே நோக்கமென்றால் கேமரா போதும். இப்போது செல்பேசியில் எல்லோரும் எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓர் ஏரியை வரைய வேண்டுமானால் இரண்டு மணி நேரமாவது அதன்முன் உட்கார வேண்டும். தண்ணீர் நீலம் அல்ல, ஒருபக்கம் பச்சை, ஒருபக்கம் பழுப்பு என்று தெரிய வரும். நுரை எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே கலக்கிறது என்பதும் தெரிய வரும். படம் நன்றாக வராவிட்டாலும் அந்த இரண்டு மணி நேரம் வீணாகாது.

அப்படிப் பார்க்காததால் இழந்தவை ஏராளம். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடத்தில் தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. எம்.ஜி. சாலையின் ஒரு பக்கம் நீளமாக இருந்த நிழல்நடை மெட்ரோ பணிக்காகப் போயிற்று. 2011 அக்டோபரில் அதன்மேல் முதல் ரயில் ஓடியது. ரயில் வேண்டாமென்று சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன். ஆனால் போன மரங்கள் எப்படி இருந்தன என்று என் பேரனுக்குக் காட்ட என்னிடம் ஒரு கோடுகூட இல்லை.

நம்முடைய சிக்கலுக்கு வருகிறேன். பெங்களூர்த் தமிழர் வாயில் 'ஊர்' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. "ஊருக்குப் போகிறோம்" என்றால் அது சேலம், வேலூர், தர்மபுரி, திருநெல்வேலி. மூன்று தலைமுறை இங்கே வாழ்ந்தாலும் பெங்களூர் 'ஊர்' ஆவதில்லை. 1991லும் 2016லும் காவிரியை ஒட்டி எழுந்த கலவர நாட்கள் அந்த எண்ணத்தை நம் மனத்தில் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டன. அச்சம் புரிகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: நம் குழந்தைகளுக்குத் தாத்தாவின் ஊரும் தெரியாது, இருக்கிற ஊரையும் அவர்கள் தம் ஊரென்று சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கும் இல்லாத இரண்டு முக்கோண மலைகளை வரைகிறார்கள். ஊர் என்று உண்மையாக ஒன்றை வரைந்த சிறுமியைத் 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று நாமே ஒதுக்கினோம்.

இந்த நகரை எந்தத் திணையில் சேர்ப்பது என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, செம்மண் மேட்டுநிலம், மாலையானால் மழை. முல்லைக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல் என்று உரைகாரர் பொருள் சொல்வர். நாமும் அப்படித்தான், என்றோ ஒருநாள் ஊருக்குத் திரும்புவோம் என்று இங்கே காத்திருக்கிறோம். ஆனால் 'இருத்தல்' என்பதற்கு இங்கேயே இருத்தல், தங்குதல் என்ற நேர்ப்பொருளும் உண்டல்லவா? அதையும் கொஞ்சம் ஏற்றுக்கொண்டால் என்ன? பிறந்த மண்ணின் மீதுள்ள பற்று அதனால் குறைந்துவிடாது.

சங்கச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். அடுத்த பொங்கலுக்கு ஓவியப் போட்டியை மண்டபத்துக்குள் நடத்த வேண்டாம். குழந்தைகளை அல்சூர் ஏரிக்கரைக்கோ லால்பாக் பாறைக்கோ அழைத்துப் போவோம். லால்பாக் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது என்கிறார்கள் நிலவியலார். மலை வேண்டுமென்று கேட்கும் குழந்தைக்கு அதைவிடப் பழைய மலை எங்கே கிடைக்கும்? கண்ணில் படுவதை மட்டுமே வரைய வேண்டும் என்பது ஒரே விதியாக இருக்கட்டும். குப்பைத்தொட்டி பட்டால் குப்பைத்தொட்டியையும் வரையட்டும். பெற்றோரும் ஒரு தாள் வாங்கிக்கொண்டு உட்காரட்டும். முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கடப்பாவின் படங்களையும் ருமாலெயின் படங்களையும் காட்டி, நம் குழந்தைகளுக்கு அவர்களை அறிமுகம் செய்வோம். கன்னட நண்பர்களின் பிள்ளைகளையும் அழைப்போம்.

போட்டியின் தலைப்பை மட்டும் மாற்ற வேண்டாம். 'எங்கள் ஊர்' என்பதே இருக்கட்டும்.