அனுபவம் இருக்கிறது, சிபாரிசு இல்லை

"பத்து வருசம் சிங்கப்பூர்ல வேலை பார்த்தவனுக்கு மறுபடி வேலையா கிடைக்காது?" ஊரில் இப்படித்தான் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை என்பதே நிலைமை. அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்துக் குடியிருப்புகளில் நாங்கள் சந்திக்கும், திரும்பி வந்தவர்களில் வெல்டர் உண்டு, எலக்ட்ரீஷியன் உண்டு, சாரம் கட்டுவதில் கைதேர்ந்தவர் உண்டு, இருபது பேரை வைத்து வேலை வாங்கிய சூப்பர்வைசரும் உண்டு. எல்லோருக்கும் முப்பத்தைந்து, நாற்பது வயது. புதிதாகப் போகும் இருபது வயதுப் பையனுக்கு விசா வருகிறது, இவர்களுக்கு வரவில்லை. "அனுபவஸ்தன்னா சம்பளம் கூடக் கேப்பீங்க, இப்ப கம்பெனி இருக்கிற நிலைமையில கட்டாது" என்பது ஏஜென்ட் சொல்லும் பதில்.

இந்தப் பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இளம் தோழர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

தொழில் நன்றாக நடக்கும் காலத்தில் கம்பெனிக்கு ஆள் வேண்டும். விளம்பரம் வரும், ஏஜென்ட் ஊர் ஊராக வருவார், யார் வீட்டுப் பையன் என்று எவரும் பார்க்க மாட்டார்கள். மந்தம் வந்துவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஐந்து இடம் காலியானால் உள்ளே இருக்கும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு "தெரிஞ்ச ஆள் இருக்கா?" என்று கேட்பார்கள். அவருக்குத் தெரிந்த ஆள் யாராக இருப்பான்? நம் மாவட்டத்தில் தெரு தனி, சுடுகாடு தனி. வாட்ஸ்அப் குழுவும் தனிதான். அந்தச் சூப்பர்வைசர் நம்மை வெறுக்கவே வேண்டியதில்லை. தன் சித்தப்பா மகனுக்கும் மச்சானுக்கும் போன் போட்டாலே போதும், இடம் நிரம்பிவிடும். சமூகவியல் வகுப்பில் இதைச் சமூக மூலதனம் என்று படித்தோம். ஊரில் இதற்குப் பெயர் "நம்ம பையன்".

வெளிநாட்டில் சாதி இல்லை என்று சொல்லும் தோழர்களோடு இங்கேதான் நாங்கள் முரண்படுகிறோம். வேலைத்தளத்தில் அது கண்ணில் படாமல் இருக்கலாம். அந்த வேலை யார் காதுக்கு முதலில் வருகிறது என்பதில் இருக்கிறது. இது புதிதும் இல்லை. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன நம் முன்னோரைக் கங்காணிதான் ஊரிலிருந்து சேர்த்துக் கூட்டிப்போனார். இலங்கையில் கடன் கணக்கைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. பத்து வருட அனுபவத்தோடு ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்டதும் சிரித்தார்கள். விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்தது பணம். பதிவுபெற்ற ஏஜென்ட் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. இது சட்டம். நம் தெருக்களில் பேசப்படுவதோ லட்சக்கணக்கு. நிலம் உள்ளவர் நிலத்தை அடகு வைக்கிறார். நமக்கு அடகு வைக்க நிலம் இல்லை. மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், மீட்டர் வட்டி என்று மூன்று பக்கமும் கையெழுத்துப் போட்டுத்தான் கிளம்புகிறோம். திரும்பி வந்து வேலையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் தவணை வந்து வாசலில் நிற்கிறது. நல்ல வேலைக்காக ஆறு மாதம் காத்திருக்க முடிகிறவருக்கு அவருடைய அனுபவத்துக்குரிய சம்பளம் கிடைக்கும். காத்திருக்க முடியாதவர் எலக்ட்ரீஷியனாக இருந்தும் ஹெல்ப்பர் விசாவில் ஏறிவிடுகிறார். இரண்டு பேரின் அனுபவமும் ஒன்றுதான். சேமிப்பும் சொத்தும் ஒன்றல்ல, அதைத் தீர்மானித்தது சாதி.

அரசு என்ன செய்தது என்பதையும் மறக்க வேண்டாம். கொரோனாவில் வளைகுடாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சம்பள பாக்கிகூட வாங்காமல் திரும்பிக்கொண்டிருந்த 2020 செப்டம்பரில், ஆறு வளைகுடா நாடுகளில் இந்தியத் தொழிலாளிக்குத் தர வேண்டிய குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை ஒன்றிய அரசு 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலைவாய்ப்பைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு 2021இல் பழைய ஊதியத்துக்கே திரும்பினார்கள். நெருக்கடி வந்தால் முதலில் எதை விட்டுக்கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இனி காகித விஷயம். இதில்தான் மாணவர்கள் உடனே கைகொடுக்க முடியும்.

கையில் இருக்கும் தொழிலுக்கு விலை கிடையாது, சான்றிதழில் இருக்கும் தொழிலுக்குத்தான் விலை. சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையை எடுத்துக்கொள்வோம். ஓர் இந்தியத் தொழிலாளிக்காக முதலாளி அந்நாட்டு அரசுக்கு மாதந்தோறும் கட்டும் லெவி, 2024 முதல் அடிப்படைத் திறன் என்று பதிவானவருக்கு 900 வெள்ளி, உயர்திறன் என்று பதிவானவருக்கு 500 வெள்ளி. வித்தியாசம் 400 வெள்ளி. உயர்திறனாகப் பதிவான ஆளை வைத்துக்கொள்வது முதலாளிக்கே லாபம். ஆனால் டெஸ்ட் அடித்துப் போய், பத்து வருடம் அதே அடிப்படைப் பதிவிலேயே இருந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம். மேல்நிலைக்கு மாற வழி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் இன்னொருவரின் சித்தப்பாவாக இருந்தார்.

2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் வேலை பார்க்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், வயது வரம்பும் 63 ஆகிவிட்டது. நாற்பது வயதுக்காரருக்கு இது நல்ல செய்தி. எங்கள் கூட்டங்களில் கேட்டால் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

இங்கேயும் வழிகள் உண்டு. ஐடிஐ போகாமலே தொழில் கற்றவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர், பத்தாம் வகுப்புத் தேறாவிட்டாலும், பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்ற நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர் என்றால் கிளம்புவதற்கு முன் ஐபிஏ கடிதத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அதில் எழுதியிருக்கும் சம்பளமும் பிடித்தமும்தான் செல்லும், ஏஜென்ட் வாயால் சொன்னது செல்லாது. பதினோரு வருட வேலைக்கான ஆதாரம் முழுவதையும் ஒரு போனில் படமாக வைத்திருந்து, அந்தப் போனைத் தொலைத்தவர் ஒருவர் எங்களுக்குத் தெரியும். சம்பளச் சீட்டு, சர்வீஸ் லெட்டர், பழைய பெர்மிட் நகல் எல்லாவற்றையும் இமெயிலில் ஏற்றிவைப்பது பத்து நிமிட வேலை.

பட்டம் படித்தவர்களுக்கும் இது பொருந்தும், அங்கே சல்லடை இன்னும் நுணுக்கம். சிங்கப்பூரின் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' புள்ளிக் கணக்கு வந்திருக்கிறது. 40 புள்ளி வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் 20 புள்ளி, மற்றப் பட்டத்துக்கு 10. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்துப் பத்து வருடம் நன்றாக வேலை பார்த்த முதல் தலைமுறைப் பட்டதாரி, ஐஐடியில் படித்தவரைவிட அந்த வரிசையில் பின்னால்தான் நிற்பார். போதாததற்கு, வயது கூடக் கூடத் தேவைப்படும் குறைந்தபட்சச் சம்பளமும் ஏறுகிறது. 2025 கணக்கில் 23 வயதுக்காரருக்கு 5,600 வெள்ளி, 45 வயதுக்காரருக்கு 10,700 வெள்ளி. அமெரிக்காவோ 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. கதவு இப்படிக் குறுகும்போது உள்ளிருப்பவரின் சிபாரிசுக்கு மதிப்பு கூடும். சியாட்டல் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ததும், அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்ததும் நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல.

"ஏன் வெளிநாடு? இங்கேயே தொழில் செய்யலாமே" என்பார்கள். 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடாவுக்குப் பணியேற்க வந்த அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பிறகு அவர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கியபோது, சாதி தெரிந்ததும் வந்தவர்கள் விலகிப் போனார்கள். நூறு வருடக் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில், இதே மாவட்டத்தில். மெயின்ரோட்டில் வெல்டிங் பட்டறை வைக்கக் கடை தேடும் நம்மவரிடம் அட்வான்ஸ் தொகைக்கு முன்னால் "எந்தத் தெரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் ஒரு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கு ஒரு துறை இருக்கிறது. தாட்கோ இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து, திரும்பிவந்த பட்டியல் சாதித் தொழிலாளிக்குத் திறன் தேர்வுக் கட்டணம், சான்றிதழ், காத்திருக்கும் காலத்துக்கு வட்டியில்லாக் கடன் ஆகியவற்றைத் தர வேண்டும். தேர்தல் வரும்போது இதைக் கோரிக்கையாக வைப்போம், அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் வரும் விடுமுறையில் தங்கள் குடியிருப்பிலிருந்து தொடங்கலாம். யார் எந்த நாட்டில், எந்தத் தொழிலில், எத்தனை வருடம் இருந்தார்கள், இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பி வந்தவருக்கு உட்கார்ந்து ஒரு பயோடேட்டா எழுதிக் கொடுங்கள். "வெல்டர்" என்று மட்டும் போடாதீர்கள். என்ன வெல்டிங், எந்தக் குழாய், எவ்வளவு உயரம், எத்தனை பேருக்குப் பொறுப்பு என்று கேட்டு எழுதுங்கள். அவர் அதையெல்லாம் பெரிதாக நினைத்திருக்க மாட்டார், இரண்டு முறை கேட்டால்தான் சொல்வார்.