ஏம்ஸ்னு பேர், டெக்சாஸ் மாடு

போன எபிசோட்ல டி.என்.ஏ. கிட் பத்திப் பேசும்போது ஒரு கேள்வி வந்துச்சு: "ஒரு டியூப்ல எச்சில் துப்பி அனுப்பினா என் பூர்வீகம் கரெக்டா தெரிஞ்சிடுமா?" நேரம் பத்தாததால சுருக்கமா "ஓரளவுக்கு"ன்னு சொல்லி முடிச்சிட்டோம். அந்த "ஓரளவுக்கு" என்னன்னு சொல்ல மனுஷனை விட ஒரு கிருமி நல்ல உதாரணம்.

2001ல, செப்டம்பர் 11 நடந்த ஒரு வாரத்துல, ஆந்த்ராக்ஸ் தூள் வெச்ச கடிதங்கள் போக ஆரம்பிச்சது. உங்கள்ல பாதிப் பேர் அப்போ பொறந்திருக்கவே மாட்டீங்க. ஐந்து பேர் இறந்தாங்க, 17 பேருக்கு நோய் வந்துச்சு. கடிதங்கள்ல இருந்தது நம்ம நியூ ஜெர்சி முத்திரை, டிரென்டன். அவை போன ஹாமில்டன் தபால் மையம் 2005 வரைக்கும் மூடியே இருந்துச்சு. 600க்கும் மேற்பட்ட தபால் பெட்டிகளைச் சோதிச்சு, கடைசியில பிரின்ஸ்டன்ல நாசாவ் தெருவில இருந்த ஒரே ஒரு பெட்டியில கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. நாம பபிள் டீ குடிக்கப் போற அதே தெருதான்.

ஆந்த்ராக்ஸ் லேப்ல பிறந்த நோய் இல்ல. ஊர்ல மாடு வெச்சிருந்த தாத்தா பாட்டிகிட்ட "அடைப்பான்"னு சொல்லிப் பாருங்க, உடனே புரியும். செத்த மாட்டிலிருந்து கிருமி மண்ணுக்குள்ள போய், வித்தா மாறி, பல வருஷம் தூங்கும். தூங்குற வரைக்கும் அது பெருகாது, அதனால டி.என்.ஏ.வும் கிட்டத்தட்ட மாறாது. சுமார் 52 லட்சம் எழுத்து உள்ள ஜீனோம்ல, ரெண்டு நாட்டுக் கிருமிக்கு நடுவுல கூட வித்தியாசம் ரொம்பக் கம்மி. நம்ம பாஷையில சொன்னா, வருஷக்கணக்கா யாருமே கமிட் பண்ணாத ரெப்போ. ஆனா விழுந்த ஒவ்வொரு கமிட்டும் அப்படியே நிக்கும், வேற கிளையோட மெர்ஜ் ஆகாது. அதனால ஒரே ஒரு எழுத்து மாற்றத்தை வெச்சே இது எந்தக் கிளைன்னு சொல்லிடலாம். அரிசோனாவுல பால் கீம் குழு இப்படித்தான் உலகம் முழுக்க வந்த சாம்பிள்களை வெச்சு ஆந்த்ராக்ஸுக்கு ஒரு குடும்ப மரம் போட்டாங்க.

கடிதத்துல இருந்தது "ஏம்ஸ்" வகைன்னு சீக்கிரமே தெரிஞ்சது. ஏம்ஸ் ஐயோவாவுல இருக்கிற ஊர், அதனால எல்லார் கண்ணும் ஐயோவா பக்கம் திரும்புச்சு. பயத்துல அங்கிருந்த பல்கலைக்கழகம் தன் பழைய ஆந்த்ராக்ஸ் சேகரிப்பையே 2001 அக்டோபர்ல அழிச்சிடுச்சு. ஆனா அந்தக் கிருமி ஐயோவாவைப் பார்த்ததே இல்ல! 1981ல தெற்கு டெக்சாஸ்ல செத்த ஒரு மாட்டிலிருந்து எடுத்தது அது. ராணுவ ஆய்வகத்துக்கு அனுப்பின பெட்டியில ஏம்ஸ் ஆய்வகத்தோட முகவரி லேபிள் ஒட்டியிருந்துச்சு, வாங்கினவங்க அதையே பேரா வெச்சிட்டாங்க. இதைக் கண்டுபிடிச்சது பழைய காகிதங்களைத் தோண்டினவங்க. டி.என்.ஏ. பக்கத்துலயும் அதுக்கு ஒத்தாசை இருந்துச்சு: 1997ல டெக்சாஸ்ல செத்த ஒரு ஆட்டோட கிருமிதான் ஏம்ஸுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல "டல்லாஸ்"னு பேர் வெச்ச சர்வர் வர்ஜீனியாவுல ஓடிட்டிருந்துச்சு. ஹோஸ்ட்நேமை யாரும் சந்தேகப்படறதில்ல.

அடுத்த கட்டம் இன்னும் சிக்கல். கடிதத் தூள்ல நாலு குறிப்பிட்ட மியூட்டேஷன் கலந்திருந்துச்சு. எஃப்.பி.ஐ. ஆயிரத்துக்கும் மேல சாம்பிள் சேகரிச்சுச் சோதிச்சதுல எட்டுல மட்டும் நாலும் கிடைச்சது. எட்டும் மேரிலாந்து ராணுவ ஆய்வகத்துல இருந்த ஆர்.எம்.ஆர்.-1029ங்கிற ஒரே குடுவையோட தொடர்புடையவைன்னு சொன்னாங்க. குடுவைக்குப் பொறுப்பு புரூஸ் ஐவின்ஸ். குற்றச்சாட்டு பதிவாகிறதுக்கு முன்னாடியே 2008 ஜூலையில அவர் இறந்துட்டார். விசாரணை நடக்கல, 2010ல கேஸை மூடிட்டாங்க. ஆனா 2011ல தேசிய அறிவியல் அகாடமி குழு, அறிவியல் ஆதாரத்தை மட்டும் வெச்சு இந்தக் கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு எழுதிச்சு.

என் கட்சி அந்தக் குழு பக்கம்தான். ஐவின்ஸ் நிரபராதின்னு நான் சொல்லல. குடுவை மேட்ச் ஆகறது வேற, கை மேட்ச் ஆகறது வேற. லாக்ல ஒரு ஐ.பி. முகவரி இருக்குன்னா அந்த மெஷின் தெரியும், கீபோர்டு முன்னாடி உட்கார்ந்தது யாருன்னு தெரியாது. அந்தக் குடுவையைத் தொட வாய்ப்பு இருந்தவங்க நூத்துக்கும் மேல. அதுக்கு முன்னாடி ஸ்டீவன் ஹாட்ஃபில்ங்கிற விஞ்ஞானியை வருஷக்கணக்கா சந்தேகத்துல வெச்சிருந்து, 2008ல அரசு 58 லட்சம் டாலர் மதிப்புள்ள இழப்பீட்டுக்கு ஒத்துக்கிச்சு. அதுக்கு ஜெனெட்டிக்ஸைக் குறை சொல்ல முடியாது. பதில் வேணும்ங்கிற அவசரம் அது. ஏர்போர்ட்ல "ரேண்டம்" செக்கிங்ல அடிக்கடி நிக்கிற நமக்கு அந்த அவசரம் யார் பக்கம் முதல்ல திரும்பும்னு தெரியும்.

இப்போ அந்த எச்சில் டியூப். கிருமிக்காவது ஒரே கோட்டுல வம்சம். நமக்கு ஒவ்வொரு தலைமுறையிலயும் ரெண்டு பக்கமும் கலந்து வருது. "தென்னிந்தியா 94%"னு ஆப் காட்டினா, அவங்க கையில இருக்கிற ஒப்பீட்டு சாம்பிள்கள்ல நீங்க எதுக்கு நெருக்கம்னுதான் அர்த்தம். அந்தச் சாம்பிள்களுக்கு "தென்னிந்தியா"ன்னு லேபிள் ஒட்டினது யாரு, எதை வெச்சு ஒட்டினாங்கன்னு கம்பெனியோட விளக்கப் பக்கத்துல போய்ப் படிங்க. கிட் ஏற்கனவே வாங்கினவங்க பழைய ரிசல்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. அடுத்த அப்டேட்ல உங்க நம்பர் மாறும்போது நம்ம பேட்டியில வந்து காட்டலாம்.