கேட்டவரின் பொறுப்பு

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கடை வாசலில் நின்றே பேசிக்கொள்கிறார்கள். மனசு சரியில்லை என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். சொன்னால் ‘ஊளம்பாறை’ என்று கேலி வரும். மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நகரம் இது. இங்கே, வாயால் சொல்ல முடியாததைத் தாளில் குறிக்க இடம் தரும் வினாத்தாளை நாம் வரவேற்கிறோம். தாளை நிரப்பி வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்ற நினைப்பைத்தான் எதிர்க்கிறோம்.

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் அதிகம் புழங்கும் வினாத்தாள்களில் ஒன்று பிஎச்க்யூ-9. குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தூக்கம், பசி, அசதி, எதிலும் பிடிப்பின்மை என்று கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். இதன் முதல் இரண்டு கேள்விகள் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக நிரப்பும் படிவத்திலேயே இருக்கின்றன. கேரளம் 2017 முதல் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வுச் சிகிச்சையும் நடத்துகிறது.

தேவை பெரிது. 2022இல் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4, கேரளத்தில் 28.5. மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்று நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டது. வராதவரைத் தேடிப் போய்க் கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூல ஆய்வின்படி, நோய் உள்ளவரைக் கண்டுபிடிப்பதிலும் இல்லாதவரை விலக்குவதிலும் இந்த வினாத்தாள் 88 சதவீதம் சரியாக இருந்தது. அப்படியானால் ஐம்பதில் 44 பேர் அகப்படுவார்கள். ஆறு பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 950 பேரில் 114 பேரும் கூடவே அகப்படுவார்கள். மொத்தம் 158 பேரில் நோயாளிகள் 44 பேர்தான். விடியுமுன் லாரிச் சரக்கு இறக்கும் தொழிலாளிக்குத் தூக்கமும் இருக்காது, உடம்பில் தெம்பும் இருக்காது. சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் இதே அசதியைத் தரும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவதும், மதிப்பெண் குறைவு என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

அடுத்தது மொழி. இங்குள்ள தமிழர் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மலையாளத் தாளை வாசித்துவிடுவார்கள். ஆனால் துக்கம் அவர்களுக்குத் தமிழில்தான் வருகிறது. புத்தகத் தமிழில் அச்சடித்த தாளும் உதவாது. ‘மனச்சோர்வு’ என்றால் விழிப்பவர், “மனசு விட்டுப்போச்சா?” என்றால் நிமிர்ந்து பார்ப்பார். ஜிம்பாப்வேயில் ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்று மக்கள் சொல்லும் சொல்லிலிருந்தே வினாத்தாளை உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களிடம் வந்தவர்களில் 14 சதவீதத்தினருக்கே அறிகுறிகள் நீடித்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 50 சதவீதம். 2016இல் வெளியான முடிவு இது. தாளைத் தொடர்ந்து ஓர் ஆள் இருந்ததுதான் அங்கே பலன் தந்தது.

எல்லோரையும் மனச்சோர்வுக்காகச் சோதிக்க வேண்டாம் என்று கனடாவின் மருத்துவக் குழு 2013இல் பரிந்துரைத்ததை எதிர்வாதமாகச் சொல்வார்கள். மனநோயைத் தாமாகச் சொல்லி மருத்துவரிடம் போகும் பழக்கம் வேரூன்றாத நம் ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஓர் எச்சரிக்கையை நாம் மறக்கக் கூடாது: சிகிச்சை தயாராக இல்லாத இடத்தில் கேள்வி கேட்பது தீங்கு.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. கேள்விகள் ஆரியசாலையிலும் கரமனையிலும் பேசும் தமிழில் இருக்கட்டும். வாசிக்கத் தெரிந்தவர் தனியே நிரப்பட்டும். மற்றவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும். ஆஷா பணியாளர் பக்கத்துத் தெருக்காரர் என்பதால், சொன்னது வெளியே போகாது என்ற உறுதியை முதலிலேயே தர வேண்டும். 2017 மனநலச் சட்டம் அந்த ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. பத்தைத் தொட்டவரை அந்த வாரமே மருத்துவர் பார்க்கட்டும். மாதம் கழித்து மீண்டும் கேட்டு, மாற்றத்தைக் குறிக்கட்டும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பைக் கேட்கிறது. அதற்கு ஒன்றோ அதற்கு மேலோ ஒருவர் குறித்தால் மொத்த மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, அங்கேயே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். மாநிலத்தின் திசா உதவி எண் 1056, மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இரண்டும் அந்தத் தாளிலேயே பெரிதாக அச்சாகட்டும். யாரிடமும் சொல்லாததை ஒருவர் நம்மிடம் குறித்துத் தந்த பிறகு, அந்தத் தாளைக் கோப்பில் செருகிவிட்டு எழுந்துபோக நமக்கு உரிமை இல்லை.